முதலில் உங்களிடம்தான் வருகிறார்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பங்குத்தந்தையர், சபைப் போதகர்கள், இமாம்கள், ஜமாஅத் நிர்வாகிகள், அய்யாவழிப் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் பணிவிடை செய்கிறவர்கள், கோயில் பொறுப்பாளர்கள், சாமியாடும் கோமரத்தாடிகள், ஜெப வீடுகள் நடத்தும் ஊழியக்காரர்கள் ஆகிய உங்கள் எல்லோருக்கும், கூடவே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் கல்குளம் வட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி, கர்ப்பிணிகளின் பதிவு, பிள்ளைகளின் எடை என்று வீடு வீடாக ஏறி இறங்கிய வேலை. அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் ஒன்று தெரியும். ஒரு வீட்டில் யாருக்காவது மனசுக்குச் சுகமில்லை என்றால், அது ஆஸ்பத்திரிக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே உங்களில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்காரர்கள் முதலில் வருவது உங்களிடம்தான்.

அவர்களை உங்களிடம் வரவிடாமல் தடுக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. ஜெபத்தையோ பூஜையையோ ஓதிப் பார்ப்பதையோ நிறுத்துங்கள் என்றும் கேட்கவில்லை. உங்களிடம் வந்தவர் டாக்டரிடமும் போய்ச் சேர வேண்டும். டாக்டரிடம் போனவர் திரும்பவும் உங்கள் நடுவில் வந்து வாழ வேண்டும். போகிற வழி, வருகிற வழி இரண்டுமே நம் மாவட்டத்தில் இன்று சரியாக இல்லை. அதைச் சரியாக்க உங்களால் முடியும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். தலைப்பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருந்த பெண். பத்து நாள் ஆகியிருக்கும். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. குழந்தையை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். பால் கொடுக்க மாட்டேன் என்றாள். நடு ராத்திரியில் முற்றத்தில் இறங்கி நின்று யாருடனோ பேசினாள். குழந்தையின் எடை பார்க்கப் போன நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் இசக்கியம்மன் கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறு. அதற்கு மேலே தர்காவில் ஓதிக் கட்டிய நூல். நெற்றியில் பதியிலிருந்து கொண்டுவந்த திருமண். தலையணைக்கு அடியில் அந்தோணியார் படம். ஜன்னல் படியில் ஒரு சின்ன பாட்டிலில் ஜெபம் பண்ணிக் கொடுத்த எண்ணெய். அந்தக் குடும்பம் என்ன மதம் என்று அந்த அறையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நம் மாவட்டத்து வழக்கமே அதுதானே. தீனம் என்று வந்துவிட்டால் எந்த வாசலும் நமக்கு அந்நிய வாசல் இல்லை.

அத்தனை பேரும் அந்தப் பெண்ணுக்கு நல்லதைத்தான் நினைத்தார்கள். அந்தத் தாயாருக்கு ஆறுதல் சொன்னார்கள், கூடுதலாகப் பணமும் வாங்கவில்லை. ஆனால் ஒருவர்கூட, “இந்தப் பிள்ளையை இன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்க” என்று சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிரசவம் முடிந்து முதல் இரண்டு வாரத்துக்குள் இப்படித் திடீரென்று வருவது ஒரு நோய். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து இருப்பதால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாத நோய். சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகத் தெளிந்துவிடுகிற நோயும்கூட. அந்தப் பெண்ணும் தெளிந்தாள். கயிறும் நூலும் கையில் இருக்கவே தெளிந்தாள். அவற்றைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பொதுக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் என்று தெரிந்தது. 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். லட்சம் பேருக்கு 25.9. நாட்டின் சராசரி 12.4. நமக்கோ எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் என்ற பெயர் உண்டு. ஆனால் படித்த வீடுகளில்தான் மறைப்பதும் அதிகம். 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், பைத்தியம் என்றால் திருவனந்தபுரத்து ஊளம்பாறை ஆஸ்பத்திரி என்றே நம் பாட்டிமார் காலம் முதல் பேச்சு. “உன்னை ஊளம்பாறையில கொண்டு விடணும்” என்ற வசவு இன்னும் சாகவில்லை. மனநல டாக்டரிடம் போனது தெரிந்தால் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது. ஆனால் ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் கோவிலுக்கோ, சுவாமித்தோப்புப் பதிக்கோ, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்கோ, தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவுக்கோ போகிறவரை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வாசலில் வெட்கம் இல்லை. மருத்துவத் துறை எத்தனை கோடி செலவு செய்தாலும் இதை வாங்க முடியாது.

உங்கள் இடத்தில் நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை கிடைக்கிறது என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்தவர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே நோயைத் தீர்க்க என்று தனிச் சடங்கு எதுவும் கிடையாது. வீட்டு ஆள் ஒருவர் கூடத் தங்குவார். காலையில் பூஜை, கோயிலைச் சுற்றிச் சின்னச் சின்ன வேலை, திட்டாத மனிதர்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோயின் தீவிரம் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. மதிக்கப்படுகிற ஓர் இடத்தில் நிம்மதியாக இருப்பதற்கே அவ்வளவு பலன் இருக்கிறது.

அதோடு மருந்தும் சேர்ந்தால்? ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா இரண்டு நாடுகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஜெப ஊழியக்காரர்களிடமும் பாரம்பரிய வைத்தியர்களிடமும் தங்கியிருந்த தீவிர மனநோயாளிகள் 307 பேர். ஒரு பகுதியினருக்கு அரசு சுகாதாரப் பணியாளர்கள் அங்கேயே போய், அந்த ஊழியக்காரரோடு சேர்ந்தே மருந்தும் கவனிப்பும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் மற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் அடைந்திருந்தார்கள். 2020-இல் லான்செட் இதழில் வந்தது இது. நம் நாட்டிலேயே குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் இப்படி ஒரு ஏற்பாடு நடக்கிறது. தர்காவில் பணிவிடை செய்யும் முஜாவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்தார். துவாவும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். ஏர்வாடியிலும் அதே வழியில் தர்காவை ஒட்டி அரசு மனநல சேவை வந்திருக்கிறது.

ஏர்வாடி என்று சொல்லும்போதே மனசு கனக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய இல்லங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நம் மாவட்டத்திலிருந்தும் குடும்பங்கள் ஏர்வாடிக்குப் போவதுண்டு. யார் பிள்ளையாகவும் இருந்திருக்கலாம்.

அதனால் சங்கிலியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருப்பது, மனநோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தங்கவைத்துப் பராமரிக்கிற இடம் எதுவானாலும் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் வளாகத்தில் நீங்கள் கட்டிப் போடவில்லை, வீட்டுக்காரர்கள்தான் கட்டினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர்கள் கட்டியது உங்கள் தூணில், உங்கள் வேப்பமரத்தில். நீங்கள் அவிழ்க்கச் சொன்னால் அவிழ்ப்பார்கள். போலீஸ் சொன்னால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டுவார்கள்.

மருந்து வந்துவிட்டால் சங்கிலி தானாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் நினைத்துவிடவும் வேண்டாம். கானாவில் ஒரு ஜெப முகாமில் 139 பேரை வைத்து நடத்திய இன்னொரு ஆய்வில், மருந்து கொடுத்தவர்களுக்கு நோய் குறைந்தது, ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்கள் குறையவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். கட்டி வைப்பது பயத்தால் வருவது. ஓடிப்போய்விடுவான், அடித்துவிடுவான், கிணற்றில் குதித்துவிடுவாள் என்ற பயம். மாத்திரையோடு அந்தப் பயத்துக்கும் பதில் வேண்டும். இரவில் கூட உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் இல்லை.

சரி, யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். பிரசவம் ஆன பெண்ணைச் சொல்லிவிட்டேன். வலிப்பை மறக்க வேண்டாம். வலிப்பு மூளையில் வரும் நோய், மனநோய்கூட இல்லை. வாயில் நுரை தள்ளுவதையும் கண் மேலே சொருகுவதையும் பேய் என்று நினைத்து எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்திருக்கிறார்கள். பெரும்பாலான வலிப்பு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் நிற்கும்.

குடியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். தியான மையங்களும் ஜெபக் கூட்டங்களும் எத்தனையோ பேரைக் குடியிலிருந்து மீட்டிருக்கின்றன. ஐயப்பனுக்கு மாலை போட்டு விட்டவர்களும் உண்டு. நான் பார்த்திருக்கிறேன், அந்த வீடுகளில் திரும்ப அடுப்பு எரிவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தும்போது உடம்பு தாங்காமல் போகலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், உடம்பெல்லாம் வேர்க்கும், காய்ச்சலடிக்கும். சுவரில் இல்லாத பூச்சியும் பாம்பும் தெரியும். பெண்டாட்டியையே யாரென்று கேட்பார். அதைப் பார்க்கிறவர்களுக்கு, உள்ளே இருந்த பிசாசு போக மாட்டேன் என்று சண்டை போடுவதாகத்தான் தோன்றும். அந்த நேரத்தில் ஓர் அறையில் அடைத்து வைத்து ஜெபித்தால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். ஆகவே, தியானத்துக்குப் பெயர் எழுதும்போதே, தினமும் குடிக்கிறவரா, கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேளுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, தெளிந்து வந்த பிறகு தியானம். அப்போது அவர் நீங்கள் சொல்வதைக் கேட்கிற நிலையிலும் இருப்பார்.

உபவாசமும் நோன்பும் இதில் சேரும். மனநிலை ஏறி இறங்குகிற நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகிவிடும். அவர் நோன்பு வைக்கலாமா, மாத்திரையை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ளலாமா என்பதை டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை நர்ஸ் சொன்னால் நம்ப மாட்டார்கள், இமாம் சொன்னால் நிம்மதியாக ஏற்றுக்கொள்வார்கள். டாக்டரால் தர முடியாத நிம்மதி அது.

இனி, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டிய ஒன்று. “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?” என்ற கேள்வியைக் கேட்காதீர்கள். மற்றவர்கள் கேட்கவும் விடாதீர்கள். மேடையில் ஒருவர் சாட்சி சொல்கிறார், மாத்திரையைக் குப்பையில் போட்டேன், சுகமானேன் என்று. கீழே உட்கார்ந்திருக்கிறவர்களில் சிலர் அன்று ராத்திரியே நிறுத்துகிறார்கள். நிறுத்தியதும் ஒன்றும் ஆகாது. சில வாரம் முன்பைவிட நன்றாக இருப்பதுபோலக்கூடத் தெரியும், மந்தம் போய் முகம் தெளிச்சியாக இருக்கும். அப்புறம் தூக்கம் போகும், சந்தேகம் வரும், பழைய குரல்கள் திரும்ப வரும். அப்போது சாட்சி சொன்னவரும் பக்கத்தில் இருக்க மாட்டார், மேடையும் இருக்காது. அந்தத் தாய் மட்டும் இருப்பாள். மாத்திரையால் தூக்கம் அதிகமாகிறது, உடம்பு பெருக்கிறது என்று உங்களிடம் வந்து புலம்பினால், அது உண்மையான கஷ்டம்தான். அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவருக்கு வழி இருக்கிறது.

உங்கள் வேதங்களே இதற்கு எதிராக இல்லை. கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம், நோயுற்றால் ஆண்டவரை வேண்டு, மருத்துவருக்கும் இடம் கொடு என்ற கருத்தை அடுத்தடுத்துச் சொல்கிறது. லூக்காவைப் பவுல் பிரியமான வைத்தியன் என்றே அழைக்கிறார். எந்த நோயையும் அதற்கான நிவாரணம் இல்லாமல் இறைவன் இறக்கவில்லை என்ற நபிமொழியை இமாம்கள் நன்கு அறிவார்கள். தன்வந்திரியைக் கும்பிடுகிறவர்கள் மருந்தை எப்படித் தள்ள முடியும்? லண்டன் மிஷன்காரர்கள் 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது ஜெபத்துக்கும் மருந்துக்கும் நடுவே மதில் கட்டவில்லை. புத்தேரியில் இரட்சணிய சேனையாரும் அப்படித்தான். கால் உடைந்தால் இந்த ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற நாம், மனசு உடைந்தால் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

அடுத்தது சாவு வீடு. தற்கொலை நடந்த வீட்டில் நீங்கள் நடந்துகொள்வதை ஊர் முழுவதும் பார்க்கிறது. மணி அடிக்கவில்லை, பெட்டியைக் கோவிலுக்குள் எடுக்கவில்லை, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இன்னும் சில இடங்களில் காதில் விழுகிறது. ஒரு தகப்பன், பிள்ளையை இழந்த துக்கத்தோடு, அடக்கத்துக்காக ஆள் ஆளாகப் போய்க் கெஞ்சி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்த 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் விதி, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. கடுமையான மனக்கலக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது. மற்ற மார்க்கங்களில் என்ன இடம் இருக்கிறது என்பதை உங்களைவிட எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் ஆறுதலுக்கு இடம் இல்லாத மார்க்கம் எதுவும் நம் ஊரில் இல்லை. அரசின் சட்டமும் மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. இதைப் பிரசங்கத்தில் ஒருமுறை சொல்லுங்கள். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் சாக நினைக்கிறவர் நினைப்பை விடுவதில்லை, வாயைத் திறப்பதைத்தான் விடுகிறார். “சாகணும்னு தோணுதா மக்கா?” என்று நேராகக் கேட்பது ஆபத்தில்லை. கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் அழுது கொட்டுகிறவர்கள்தான் அதிகம். அப்படி ஒருவர் கிடைத்தால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தும் கயிறும் கைக்கெட்டாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து எந்நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

இனி மருத்துவர்களுக்கு. நீங்களும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில், மகனை ஒரு வருஷம் கோயில் கோயிலாகக் கொண்டுபோன தாயாரிடம், “பேய் ஓட்டுறவன்கிட்டயே போக வேண்டியதுதானே, இங்க எதுக்கு வந்தே?” என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த அம்மா அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. ஒரு வருஷம் அலைந்து கடைசியில் உங்களிடம் வந்து சேர்ந்தவள், ஒரே வாக்கியத்தில் திரும்பிப் போனாள். கையில் கட்டியிருக்கும் கயிறு யார் கட்டியது, அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அந்த வீடு எதை நோய் என்று நினைக்கிறது, யார் பேச்சைக் கேட்கும் என்பது அந்தப் பதிலில் இருக்கும். முடிந்தால் அந்தப் பூசாரியையோ பாஸ்டரையோ அடுத்த முறை கூட்டிவரச் சொல்லுங்கள்.

அப்புறம், கூட்டம் இருக்கிற இடத்துக்கு நீங்கள் வாருங்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் என்றைக்கு மனநல டாக்டர் வருவார் என்பது மேல்மலையோரத்து ரப்பர் தோட்டத் தொழிலாளிக்குத் தெரியாது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலில், வெள்ளி ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில், மாதத்தின் முதல் ஞாயிறு சுவாமித்தோப்பில் யார் வருவார்கள் என்று ஊருக்கே தெரியும். அங்கே முத்திரிக்கிணற்றில் குளித்துவிட்டுப் பதியில் தங்கி இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு செவிலியர் போதும். ‘மனநல முகாம்’ என்று பெரிதாக பேனர் வைக்காதீர்கள். வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். பிரஷர், சர்க்கரை பார்க்கிறோம், தூக்கம் சரியில்லாதவர்களையும் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள், வருவார்கள்.

மாத்திரை தொடர்ந்து கிடைப்பது இன்னொரு பாடு. ஒரு மாத மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டியிருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறது. நிலையாக இருக்கும் மனநோயாளிகளுக்கும் அதே வழியில் வரட்டும். நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது, அவருக்குச் சம்மதம் என்றால், அவர் சொல்கிற கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நோயின் பெயர் வேண்டாம், ரகசியம் அவருடையது. மாத்திரை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், திரும்பக் காட்ட வேண்டிய தேதி இது, இப்படி இருந்தால் உடனே அனுப்புங்கள் என்ற மூன்று வரி போதும். திரும்ப வருகிற வழி என்று நான் சொன்னது இதைத்தான். குணமாகி வந்தவரைத் திருவிழாவில் கொடி பிடிக்கவும், பாடகர் குழுவில் பாடவும், அன்னதானத்தில் பரிமாறவும் கூப்பிடுகிற வேலையை எந்த டாக்டராலும் செய்ய முடியாது. வேலையும் மதிப்பும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தால் நோய் மறுபடியும் வருவதற்கு அதுவே வழி.

நம் மாவட்டத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி இருக்கிற மாவட்டம். 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரம் யாருக்கும் மறக்கவில்லை. கிறிஸ்தவர்கள் நோயாளியைத் தேடி வந்தால் மதம் மாற்ற வருகிறார்கள் என்ற சந்தேகம், கோயில்காரர்கள் கூப்பிட்டால் வேறு ஏதோ நோக்கம் என்ற சந்தேகம். எனவே முதல் நாளிலேயே ஓர் ஒப்பந்தம் வேண்டும். மனசுக்குச் சுகமில்லாதவரிடம் மதம் மாறச் சொல்லிப் பேசக் கூடாது. அவர் எந்த வாசலில் வந்து நின்றாலும், அவருடைய சொந்த வழிபாட்டிலேயே அவரைத் தொடர விட வேண்டும். தெளிவில்லாத நேரத்தில் ஒருவர் எடுக்கும் முடிவை எந்தக் கடவுளுக்கும் காணிக்கையாகக் கொடுப்பது தகாது. இதற்கு எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட முடிந்தால், பாதி வேலை அன்றைக்கே முடிந்துவிடும்.

நம்மால் முடியாத காரியம் இல்லை இது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் பிணங்களை அடக்கம் செய்தவர்களுக்குத் தூக்கம் வராமல் போனது. தமிழகக் கடற்கரைக்கு நிம்ஹான்ஸ்காரர்கள் வந்து, ஊர்ப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் எப்படிக் கேட்பது, எப்படி அழவிடுவது, யாரை அனுப்புவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2017 ஒக்கி புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் ஆண்கள் கடலில் காணாமல் போனபோது யார் திரும்பவில்லை என்ற பட்டியலை ஊர்க் கோவில்கள் கையில் வைத்திருந்தன. உடல் கிடைக்காத வீட்டில் பெண் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்த சிறு குழுவான அன்பியத்துப் பெண்கள்தான். பேரிடர் வந்தால் சேர்ந்து செய்ய முடிந்ததை, சாதாரண நாளிலும் செய்யலாம். அன்பியம் இருக்கிறது, சபைகளில் பெண்கள் சங்கம் இருக்கிறது, ஊருக்கு ஊர் சமய வகுப்பு நடத்துகிற அக்காமார் இருக்கிறார்கள், ஜமாஅத் இருக்கிறது, நிழல் தாங்கல் இருக்கிறது. புதிதாக எதையும் கட்ட வேண்டாம்.

மாவட்ட ஆட்சியர் ஒரு கூட்டம் கூட்டினால் போதும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு கத்தோலிக்கக் கோவில், ஒரு சி.எஸ்.ஐ. சேகரம், ஒரு தர்கா, ஒரு பதி, ஒரு அம்மன் கோயில் என்று, விருப்பத்தோடு முன்வருகிற ஐந்து இடம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பேருக்குப் பயிற்சி, அதில் ஒருவர் கட்டாயம் பெண். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் அந்த ஐந்து இடமும் கூப்பிட ஒரே ஒரு போன் நம்பர், எடுக்கிற ஆளோடு. ஒரு வருஷம் கழித்து, அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் மாத்திரையைத் தொடர்கிறார்கள், எத்தனை சங்கிலி அவிழ்ந்தது என்று கணக்குப் பார்ப்போம். சரியாக நடக்கவில்லை என்றால் அதையும் எல்லார் முன்னாலும் சொல்வோம்.

கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும். மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடை. இரண்டுக்கும் சுகமில்லாதவர்களை நேர்ச்சையோடு கொண்டுவருகிறவர்கள் ஏராளம். அதற்கு முன்னால் முதல் பயிற்சி முடிந்தால் இந்த வருஷமே பலருக்கு உதவியாக இருக்கும். பயிற்சி நடக்கிற இடத்துக்கு நான் வருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரும் வரச் சம்மதித்திருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம், எந்த வட்டத்துக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.